அறுபத்து மூன்று கேசட்

சாந்தாமணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் அவளைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். ஏனென்றால் அநேகமாக எல்லாருமே ஒரு தடவையாவது அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'ஜப்பான்காரி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட, இவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று உட்கார்ந்து கேட்கப் பொறுமை இருந்ததில்லை. குழந்தை இல்லையா, கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது, இவை இரண்டும் கேட்டு முடித்ததும் அவர்களுக்குக் கேள்வி தீர்ந்துவிடும்.

கோபிசெட்டிபாளையத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் நூற்பு இயந்திரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கம்பெனிக்கு ஜப்பான் கூட்டு இருந்ததால் அவளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து, மொழிபெயர்ப்பாளராகக் கியூஷு தீவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்குக் கோடியில் இருப்பது அது. அங்கே போய் இறங்கியதும் அவள் படித்த பாடப்புத்தகம் குப்பைக்குப் போயிற்று. குமா ஆற்றங்கரை ஊர்களில் ஜனங்கள் பேசியது வேறு ஒரு பேச்சு. மூன்று வருடம் அந்தப் பேச்சின் பின்னாலேயே அலைந்தாள். 1991-ல் மயில்சாமியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தபோது அது முடிந்துபோனது என்றுதான் நினைத்தாள். அவருக்கு சிப் கம்பெனியில் வேலை. அவளுடைய விசாவில் வேலை செய்ய முடியாது.

மறு வருடம், பக்கத்து ஊரான சான் ஹோசேயில் ஜப்பானியர் தெருவில் ஒரு காய்கறிக் கடை. ஒரு கிழவி முள்ளங்கி வதங்கியிருக்கிறது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி கையிலிருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டாள். அது குமா ஆற்றுப் பேச்சு. அதுவும் அந்த ஊரிலேயே இப்போது யாரும் பேசாத பழைய பேச்சு. மிட்சுயே என்ற அந்தக் கிழவி 1923-ல் பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, செவ்வந்தி பயிரிடும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. எழுபது வருடமாக அந்தப் பேச்சு அவள் வாயில் கொஞ்சமும் மாறாமல் இருந்தது.

கார் நிற்கிற இடம்வரை கிழவியின் பின்னாலேயே போனாள். கிழவி திரும்பிப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையை சாந்தாமணி தன் நோட்டில் கோபித் தமிழில்தான் எழுதிவைத்தாள். நாட்டுப்புறப் பேச்சுக்கு நாட்டுப்புறப் பேச்சுதான் சரி என்பது அவள் கட்சி.

"யாரு புள்ள நீ? போலீசா?"

கிழவி அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1941 கடைசியில் ஜப்பானோடு யுத்தம் வந்ததும், ஜப்பானியப் பூத் தோட்டக்காரர்கள் எல்லாம் உளவாளிகள் என்று இங்கே பத்திரிகைகள் எழுதின. சோதனை போட வருவார்கள் என்று பயந்து, அம்மா எழுதிய கடிதங்களையும் ஊர்ப் பாட்டு எழுதிய நோட்டையும் மிட்சுயே தன் கையாலேயே அடுப்பில் போட்டாள். அப்படியும் விடவில்லை. குடும்பத்தோடு மூன்று வருடம் முள்வேலி முகாமில் கிடந்தார்கள். அன்றிலிருந்து பேனா பிடித்து எழுதுகிறவர்கள் என்றாலே அவளுக்கு ஆகாது.

எட்டு மாதம் வாசலிலேயே நிறுத்திவைத்தாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை உள்ளே கூப்பிட்டு நிபந்தனை போட்டாள்.

"நாஞ் சொன்னத எழுதிக்க. நாஞ் சொல்லாத ஒத்த வார்த்தைய எங்காச்சும் அச்சுல போட்டீன்னு வெச்சுக்க, பேசுனது அத்தனையும் எனக்குத் திருப்பிக் குடுத்துப்போடோணும். ஒண்ணுகூட உங்கையில இருக்கப்படாது."

சாந்தாமணி சரி என்றாள். ஐந்து வருடம், வியாழக்கிழமை தவறாமல் போனாள். கிழவி பிரியமாகப் பேசினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். டீ ஆறிவிட்டது என்று திட்டுவாள், கேட்டதையே கேட்கிறாய் என்று திட்டுவாள். திட்டுக்கு நடுவில்தான் கதை வரும். ஆற்றுப் பேய்கள் இலையுதிர் காலத்தில் வரிசையாக மலையேறிப் போகுமாம். அவை போகிற தடத்தில் வீடு கட்டினால் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டு நேரே போகுமாம். நாற்று நடுகிறவர்கள் நிலச்சொந்தக்காரனை ஏசுகிற பாட்டு, பிள்ளை பெற்றவள் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்ற கணக்கு, மீன் முள் தொண்டையில் சிக்கினால் சொல்கிற மந்திரம். அறுபத்து மூன்று கேசட் சேர்ந்தது. அதற்கு ஒரு நகலும் எடுத்து கராஜில் வைத்திருந்தாள். சொல் சொல்லாக எழுதிய அட்டைகள் பதினான்கு ஷூப் பெட்டிகளில் இருந்தன. தன் ஆயுசில் தான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று அவள் நம்பினாள். அந்த வேலை தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் அவர்களும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

பார்க்க வந்தவரோ வெங்கடகிருஷ்ணன். முத்தமிழ்க் கழகத்தின் தலைவர், டேட்டாபேஸ் நிபுணர், மைக் கையில் கிடைத்தால் விடாதவர். ஜப்பானிய மொழியும் தமிழும் உறவு என்று அப்போது தமிழர் கூடிய இடமெல்லாம் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. 1997 தீபாவளி விருந்தில் அவர் சாந்தாமணியைத் தேடி வந்தார்.

"மேடம், பொங்கல் மலருக்கு நீங்க ஒரு ஆர்ட்டிகிள் குடுத்தே ஆகணும். அதான் ஹைலைட்டே. அந்தப் பாட்டியம்மா போட்டோ ஒண்ணும் வேணும்."

இங்கேதான் சாந்தாமணி சறுக்கினாள். ஆறு வருடத்தில் ஒரு தமிழ் வாய் அவள் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்துவிட்டது. ஆற்றுப் பேய்களின் மலையேற்றத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மிட்சுயேவைக் கேட்காமலே, அவள் முள்ளங்கி நறுக்குகிற ஒரு படத்தையும் கொடுத்தாள். தமிழ் மலர்தானே, கிழவி எங்கே பார்க்கப்போகிறாள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை.

மலர் வந்தது. 'ஜப்பானியத் தாயின் வாயில் செந்தமிழ்', முனைவர் சாந்தாமணி. அவளுக்கு முனைவர் பட்டம் கிடையாது. ஆற்றுப் பேய்கள் ஆறு வரியில் ஓடிப்போயிருந்தன. மிச்சம் முன்னூற்றுப் பன்னிரண்டு சொற்களின் பட்டியல், எல்லாம் தமிழிலிருந்து போனவையாம். கிழவியின் படத்துக்குக் கீழே மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம்: "எங்கள் முன்னோர் தமிழர் என்று என் தாய் சொல்லியிருக்கிறாள்."

சாந்தாமணி போன் செய்தாள். குரல் தரைக்கு இறங்கியிருந்தது.

"அந்தம்மா இதை எப்பங்க சொன்னாங்க?"

"மேடம், லைட்டா எடிட் பண்ணோம். நீங்க குடுத்தது ரொம்ப டிரையா இருந்தது. பேய்க் கதையெல்லாம் யாரு படிப்பா?"

"சொல்லாததைச் சொன்னதா போட்டிருக்கீங்க. மறுப்பு போடுங்க."

"அடுத்த மலர் அடுத்த பொங்கலுக்குத்தான், அதுல பாக்கலாம். ஏன் மேடம், நீங்களும் தமிழ்தானே? நம்ம லாங்குவேஜுக்குப் பெருமைன்னா உங்களுக்கு ஏன் எரியுது?"

கமிட்டிக் கூட்டத்துக்கு நேரில் போனாள். பதினொரு பேர் இருந்தார்கள். பட்டியலில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது பொய், இதுவும் பொய் என்று சொல்லிக்கொண்டே போனாள். இருபதாவது சொல்லில் செயலாளர் ஷ்யாமளா, "இவங்களுக்கு ஜப்பான்காரங்க என்ன குடுக்கறாங்கன்னு தெரியலையே" என்றாள். சிரித்தார்கள். மொழித்துரோகி என்று ஒருவர் சொன்னார். அந்த அறையில் இருந்த யாருக்கும் குமா ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்றுகூடத் தெரியாது. சாந்தாமணி மலரைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குள் வெங்கடகிருஷ்ணன் இன்னொரு காரியமும் செய்திருந்தார். பெருமை தாங்காமல் கட்டுரையை இங்கிலீஷில் சுருக்கி, படத்தோடு சான் ஹோசேயின் ஜப்பானிய வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். அவர்களும் போட்டுவிட்டார்கள். மிட்சுயேவின் மகன் கென் போனில் ஒரே வாக்கியம் சொன்னான். அம்மா உடனே வரச் சொல்கிறாள்.

அவள் கேசட்டுகளை எடுத்து அடுக்கும்போது மயில்சாமி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மணி, கேட்டா ஒரு செட்டக் குடுத்துரு. கராஜுல இருக்கற காப்பி யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுங்க" என்று இரண்டு செட்டையும், பதினான்கு பெட்டிகளையும் காரில் ஏற்றினாள்.

மிட்சுயே பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது தொண்ணூற்று மூன்று.

"இத நாஞ் சொன்னனா?"

"இல்லீங்க."

"நீ எழுதுனயா?"

"இல்லீங்க."

"படம்?"

"நாந்தான் குடுத்தனுங்க."

கிழவி பத்திரிகையைக் கீழே வைத்தாள். ஒரு கேசட்டை எடுத்து, பின்னல் ஊசியால் டேப்பைக் கொக்கி போட்டு இழுத்தாள். கைக்கு வலு இல்லை. ஒரு முழம்கூட வரவில்லை. ஊசியை சாந்தாமணியிடம் நீட்டினாள்.

மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை சாந்தாமணி தரையில் உட்கார்ந்து நூற்று இருபத்தாறு கேசட்டின் டேப்பையும் உருவினாள். முழங்காலைச் சுற்றி டேப் கறுப்பாகக் குவிந்தது. ஒவ்வொரு லேபிளையும் படிக்கும்போது அதில் கிழவி எந்த இடத்தில் இருமினாள் என்பதுவரை ஞாபகம் வந்தது. வெங்கடகிருஷ்ணனைக் கையில் கிடைத்தால் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது, அதைவிடத் தன் கழுத்தை. நடுவில் ஒரு தடவை அழுதாள். மிட்சுயே எழுந்து போகவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. அட்டைகளை கென் காகிதம் கத்தரிக்கும் மெஷினில் கொடுத்துத் துண்டாக்கினான்.

"இனி வராத" என்றாள் கிழவி.

அடுத்த வருடம் மிட்சுயே இறந்துபோனாள். சாந்தாமணிக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரப் பத்திரிகையில்தான் பார்த்தாள். முத்தமிழ்க் கழகத்தில் அந்தப் பட்டியல் வருடா வருடம் மேடையேறியது. சாந்தாமணி அம்மாவின் ஆராய்ச்சி என்றே சொன்னார்கள். அவள் எழுந்து மறுத்தால், தன்னடக்கம் என்று கை தட்டினார்கள். பிறகு அவள் போவதை விட்டுவிட்டாள்.

2001 மார்ச்சில் கியூஷுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மோரினாகா என்ற மொழியியலாளர் எழுதியிருந்தார். கழகத்தின் வலைப்பக்கத்தில் கட்டுரையின் இங்கிலீஷ் சுருக்கத்தைப் பார்த்தாராம். பட்டியல் அபத்தம் என்று தெரிகிறது, ஆனால் அதில் நான்கைந்து குமா ஆற்றுச் சொற்கள் நிஜமானவை, எங்கள் யாரிடமும் இல்லாதவை. அந்த அம்மாளின் பேச்சு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, ஒரு கதை இருந்தால்கூடப் போதும் என்று கெஞ்சியிருந்தார்.

மிச்சம் இருந்தது. அறுபத்து மூன்று கேசட்டையும் எத்தனை தடவை போட்டுக் கேட்டு எழுதினவள் அவள். ஆற்றுப் பேய்கள் மலையேறும் கதையை, மிட்சுயே மூச்சு வாங்குகிற இடம் உட்பட, அவளால் அந்தக் குரலிலேயே சொல்ல முடியும். பாத்திரம் கழுவும்போது வாயில் தானாக வரும். மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தாள். நான்காம் நாள் பதில் எழுதினாள். கட்டுரையில் இருப்பது பொய். அதைத் தாங்கள் அச்சில் சொல்ல வேண்டும். என்னிடம் எதுவும் இல்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் மோரினாகாவின் கட்டுரை தபாலில் வந்தது. சாந்தாமணி சமையல் மேடையருகே நின்றுகொண்டே படித்தாள். அடிக்குறிப்பில் அவள் பெயர் இருந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சாந்தாமணி என்பவர் வெளியிட்ட போலித் தரவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்த வேண்டாம், அவை பொய் என்று அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவள் மொழிபெயர்த்துச் சொன்னதும் மயில்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தாளுக்கு இப்பவே எழுது. ஒரு கதைய அப்படியே எழுதி அனுப்பு. நீ யாருன்னு தெரியட்டும்."

"ஒண்ணுகூட இருக்கப்படாதுன்னு சொன்னாங்க. நான் சரீன்னு சொன்னனுங்க."

"அந்தம்மாதான் செத்துப்போச்சே மணி."

"நான் சாவலையே" என்றாள் சாந்தாமணி. குரல் இறங்கியிருந்தது.