பனாட்டு ஒட்டிய ஸ்பீக்கர்

1. அப்பளமாய்ப் போன கோன்

சாட்டிக் கடற்கரையில் பின்னேரம் விழா. காலையில் என் பெரிய ஸ்பீக்கர் கிழிந்து கிடக்கிறது.

முதல் நாள் அனலைதீவில் ஒரு கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு வள்ளத்தில் திரும்பும்போது, அலை எகிறி ஸ்பீக்கர் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. ஸ்பீக்கருக்குள்ளே புனல் மாதிரி ஒரு கடுதாசி இருக்கும். கோன் என்போம். அது அதிர்ந்தால்தான் சத்தம். நனைந்ததை வெயிலில் காய வைத்தேன். காய்ந்ததும் பொரித்த அப்பளம் போல ஒரு விரல் நீளத்துக்கு வெடித்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஹர்த்தால் முடிந்த மறுநாள், ஊர்காவற்றுறையில் கடைக்காரர் இன்னும் கதவுப் பலகை எடுக்கவில்லை. பசை வாங்க வழியில்லை. வேறொருவன் என்றால் விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லியிருப்பான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தள்ளி வைப்பது எப்படி என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நேரே அடுப்படிக் குசினிக்குள் போனேன்.

பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து எடுக்கும் பனாட்டு, பானை நிறைய இருந்தது. ஈரம் பட்டால் அது விரலை விடாது.

"தின்னுறதுக்கு வச்சனான். பெட்டிக்குப் பூசவோ?" என்றாள் மனுசி.

"பெட்டியும் காலமை தொடக்கம் பட்டினியப்பா" என்று சொல்லி ஒரு துண்டைப் பிய்த்து, நனைத்து, வெடிப்பின் மேல் அப்பினேன். தீவுப்பகுதியில் என்னைப்போல ஒரு சவுண்ட் சேவிஸ்காரன் இருந்ததில்லை என்று நான் சொல்வது சும்மா இல்லை.

2. சாட்டியில் உறுமிய பூனை

அன்று வாசிக்க இருந்தவன் அருளப்பு. ஊர்காவற்றுறைச் சம்மாட்டி ஒருவரின் மகன். சம்மாட்டியாருக்கு மீன்பிடிக்க மூன்று தோணி. மகனுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிற்றார். சிநேகிதர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, வெளிநாட்டு றொக் கசற்றுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அச்சு அசலாக அப்படியே அடிப்பான்.

தகப்பனுக்கு அது பிடிக்காது. மேடைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "உந்த றொக்கெல்லாம் செத்துப் போச்சு, தம்பி. எங்கட காலத்துப் பைலாப் பாட்டிலை சீவன் இருந்தது. இவன் அடிக்கிறதைத்தான் கசற்றும் அடிக்குது. பிறகு இவன் என்னத்துக்கு?"

மகனிடமும் அறுதியாகச் சொல்லியிருந்தார்: "மாதா பெருநாள் வரைக்கும் பாப்பன். அங்கை சனம் கூ எண்டு கூக்காட்டினா, கிற்றாரை என்ரை கையிலை தந்துபோட்டுத் தோணியிலை ஏறு."

அருளப்பு முதல் கம்பியைத் தட்டினான். பெட்டியிலிருந்து கடுவன் பூனை அடிவயிற்றால் உறுமுவது போல ஒரு சத்தம் வந்தது. பனாட்டின் ஒரு ஓரம் கிளம்பிக் கோனோடு சேர்ந்து அடித்திருக்கிறது. அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே செய்தவன் போலத் தலையாட்டினேன். தொழிலில் இந்தத் தலையாட்டல் முக்கியம்.

அவன் இன்னொரு தரம் தட்டினான், உறுமியது. நீட்டி இழுத்தான், அலறியது. அதன்பிறகு கசற்றுப் பாட்டை விட்டுவிட்டு அந்த உறுமலைத் துரத்திக்கொண்டு போனான். டிரம்ஸ்காரன் அவனைத் துரத்தினான். கடலில் குளித்துக்கொண்டிருந்த சனம் ஈர உடுப்போடு ஓடி வந்து மணலில் துள்ளியது. ஐஸ்பழக்காரர் மணியடிப்பதை விட்டுவிட்டுப் பெட்டி மூடியில் தாளம் போட்டார்.

சம்மாட்டியாரின் வலது கால் மணலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"காத்து. அதாலை ஆடுது" என்றார்.

3. புதுக் கோன்

அந்தக் கிழமையே எறும்பு வந்து பனாட்டை முழுதாகத் தின்றுவிட்டது. என் பெயருக்குக் குறை வரக்கூடாதே. யாழ்ப்பாணம் போய் முதல் தரக் கோன் வாங்கிப் போட்டேன். மாதா பெருநாளுக்குப் பெட்டி தண்ணீர் போலத் தெளிவாகப் பாடியது.

பெருநாளன்று வெயில் இறங்கும் நேரம். மாதா கோயில் வளவில் சாட்டிக்கு வந்த அதே சனம் துள்ளுவதற்குத் தயாராக நின்றது. அருளப்பு அதே பாட்டைத் தொடங்கினான். அதே கை, அதே கிற்றார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போலச் சுத்தமாக இருந்தது. ஒருவர் காலும் அசையவில்லை. பின்வரிசையில் ஒருவன் கூக்காட்டினான், பிறகு நாலு பேர்.

அருளப்பு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தான். "அண்ணை, என்ரை சத்தம் எங்கை?"

"புதுக் கோன் தம்பி. தங்கம்."

"தங்கம் வேண்டாம் அண்ணை. பனாட்டு இல்லையோ?"

அதற்குள் சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கிற்றாரை வாங்கத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அருளப்புவும் வாரைத் தோளிலிருந்து கழற்றத் தொடங்கினான். ஆனால் மனிதர் அவனைத் தாண்டி என் பெட்டியடிக்கு வந்தார். மடியிலிருந்து வலைநூல் அறுக்கிற வில்லுக்கத்தியை எடுத்தார். முன்துணியை விலக்கி, என் தங்கத்தை ஒரு விரல் நீளத்துக்குக் கீறினார்.

"சம்மாட்டியார், அது புதுசு!"

"அதுதான் பிழை" என்றார். "மோனே, வாரைப் போடு. அடி."

இப்போது கனடாவிலிருக்கும் மருமக்கள் தொலைபேசியில் என்னிடம் வழக்குக்கு வருவார்கள். இந்தக் காலத்து றொக்கில் கற்பனை வற்றிவிட்டதா இல்லையா, சொல்லுங்கோ மாமா என்பார்கள். சரியான ஆளிடம்தான் கேட்கிறார்கள். ஒரே பின்னேரத்தில் அது செத்ததையும் எழும்பியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். உங்கள் றொக் பெடியள் கெட்டிக்காரர்தான், பெட்டிகளில்தான் ஒரு கீறலும் இல்லை, கத்தியோடு எழும்பி வர ஒரு தகப்பன் இருக்கிறாரா என்று பாருங்கள் என்பதுதான் என் தீர்ப்பு.

அருளப்பு அடித்தான். பூனை திரும்பி வந்தது. கூக்காட்டியவன்தான் முதலில் துள்ளினான். சம்மாட்டியார் என் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது.

நான் அண்ணாந்து பார்த்தேன். கோயில் கொடி இம்மிகூட அசையவில்லை. அன்று காற்றே இல்லை.