செத்தவீட்டு முட்டை

நாங்கள் குடிவந்த பிரெஞ்சு ஊரான கோட்-டெ-நெய்ஜில், அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு யூதக் கிழவரும் மனைவியும் இருந்தார்கள். படிக்கட்டில் கண்டால் ‘பொன்ஜூர்’ என்று வணக்கம் சொல்வதோடு சரி. அதற்கு மேல் கதைக்க எனக்குக் கூச்சம்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்களில், பனி கொட்டும் ஒரு மாரிகாலத்தில் கிழவர் இறந்தார். காலையில் அடக்கம் முடிந்தது. மத்தியானம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பஸ்கூட ஓடவில்லை.

செத்தவீட்டில் அடுப்பெரியாது, அயலவர்தான் சோறு கொடுக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் மனைவி சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்தாள்.

“மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை. தாராளமாச் சாப்பிடுவா. கொண்டுபோங்கோ.”

“நீரும் வாருமன்.”

“ஏன், உங்களைப் பிடிச்சுத் தின்னப்போறாவே?”

அந்த அம்மா தாழ்வான முக்காலி ஒன்றில் தனியே இருந்தார். அவர்களுடைய துக்க வழக்கப்படி சுவர்க் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். சோற்றைக் கண்டதும் கையைக் காட்டித் தடுத்தார். எனக்கு விளங்கும்படி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்:

“மரக்கறிதான், தெரிகிறது. ஆனால் இதே சட்டியில் எங்களுக்கு ஆகாத இறைச்சியும் காய்ச்சியிருப்பீர்கள். கோபிக்காதீர்கள்.”

அடக்கம் முடிந்து உண்ணும் முதற் சாப்பாடு சொந்தச் சாப்பாடாக இருக்கக்கூடாதாம். வேறொருவர் தரவேண்டும், அதுவும் இருட்டுவதற்கு முன்பு. யூதக் கோயிலிலிருந்து கொண்டுவருகிறவர்கள் புயலில் அகப்பட்டுவிட்டார்கள். காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

“வீட்டில் முட்டை இருக்கிறதா? அவிக்காத முட்டை? எங்கள் துக்கத்துக்கு முட்டைதான் வழக்கம், அதில் உங்கள் சட்டியும் பட்டிராது.”

சோற்றோடு திரும்பிவந்த என்னைக் கண்டு மனைவியின் முகம் கறுத்தது.

“முட்டையோ? செத்தவீட்டுக்கு ஆரும் முட்டை குடுப்பினமே?”

“அவதான் கேக்கிறா.”

“உங்களுக்கு இங்கிலீசு விளங்கின லட்சணம்!”

இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சட்டி அவருடையது. அடுப்பையும் அவரே எழுந்துவந்து பற்றவைத்தார். அதை யூதர் ஒருவர் செய்தால்தான் ஆகுமாம். மிச்சம் என் வேலை. நான் முட்டை அவித்ததே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“கல்லாகும்வரை,” என்றார்.

உரித்துக் கொடுத்தேன். உப்பைத் தேடினேன், வேண்டாம் என்றார். ஒரு கடி கடித்து நெடுநேரம் மென்றார். தண்ணீர் குடித்து விழுங்கினார். அழவில்லை. அப்படியே ஒரு முட்டையைத் தின்று முடித்தார்.

“இந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான் இந்தச் சட்டம். நாளைக்கு நானே சமைக்கலாம்,” என்றார். “ஒருவருக்கு மட்டும் நான் சமைத்ததே இல்லை.”

மற்ற முட்டையை உரித்து அவர் முன்னால் வைத்தேன்.