மேலே வராத ஆக்சிலேட்டர்

அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில், ஆக்சிலேட்டரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பி தேய்ந்துபோயிருந்தது. நான் மெக்கானிக்கல் படித்தவள். வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டுக் கேபிள் பொருத்தினேன். கேபிள், ஸ்பிரிங், போல்ட் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன்.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த வேகத்தடையில் வண்டி குலுங்கியது. காலை எடுத்தேன், பெடல் மேலே வரவில்லை. இன்ஜின் அலறியது. எங்களுக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தும் வண்டி இழுத்துக்கொண்டே போனது.

"நிறுத்தும்மா!" என்று அப்பா கத்தினார்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். ஸ்கூட்டருக்கு ஒரு சாண் பின்னால் வண்டி நின்றது.

ஸ்கூட்டர்காரர் திரும்பினார். "இன்னா தங்கச்சி, கேட்டையும் இட்ச்சிகினு பூடுவ போலக்கீதே?"

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். கேபிளுக்காக நான் வைத்த தகட்டின் ஓட்டையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அதில் தொங்கிய எலுமிச்சம்பழம் கார்புரேட்டர் லீவரின் இடுக்கில் சிக்கி, அதைத் திரும்பவிடாமல் நசுங்கிக் கிடந்தது.

"நீ கை கழுவப் போனப்ப நான்தாம்மா கட்னேன்," என்றார் அப்பா. "தெருவே நின்னு உன் வேலய பாத்துகினு இருந்திச்சே. கண்ணு பட்டுடும்னு..."

எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாளே, அப்பா கயிறு கட்டுவதற்கென்று முன்பம்பரில் ஒரு கொக்கி வைத்தேன். ஆனாலும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் இன்றுவரை நான் வண்டியை எடுப்பதில்லை. அன்று நாங்கள் நின்ற பிறகும் அந்தக் குழந்தை கையாட்டிக்கொண்டுதான் இருந்தது.