குறையைப் படிக்கட்டில்தான் பேச வேண்டும்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தே முக்கால். பழைய ரப்பரை அவர் உரித்தார். புதியதை வெந்நீரில் போட்டு மடிப்பை நீக்கி எடுத்துக் கொடுத்தாள் மகள். கீழ் மூலை மட்டும் ஒட்டமாட்டேன் என்றது.

"கதவே கோணிப்போச்சுப்பா. இது தேறாது. புதுசா ஒண்ணு..."

அப்பா உதட்டில் விரல் வைத்தார். அவள் முழங்கையைப் பிடித்துக் கூடத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, மாடிப்படியில் அரைமாடி கீழே இறக்கிவிட்டுத்தான் நின்றார்.

"இப்ப சொல்லு."

"ஃபிரிட்ஜுக்குக் காது கிடையாதுப்பா."

"உனக்குத்தான் இருக்கே, நீ கேக்குறியா?"

மகள் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். ஒரு வெப்பமானி எவ்வளவு பொய் சொல்கிறது என்று இரண்டு தசம இடம் வரை கணக்கிடுவது அவள் பிழைப்பு. அப்பா முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அவர் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: இயந்திரத்தின் குறையை அதன் காதுபடப் பேசக்கூடாது. 'விழும்', 'அறும்' என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. நின்றுபோன லிஃப்ட் 'யோசிக்கிறார்'. கம்பி வடம் தேய்ந்தால் 'மெலிந்திருக்கிறார்'. வேண்டாத சத்தம் வந்தால் 'பாடுகிறார்'. உள்ளதை உள்ளபடி பேசியே தீரவேண்டும் என்றால் படிக்கட்டுக்கு வந்துவிட வேண்டும். படிக்கட்டு ஓடாது, நிற்காது. அதனால் கோபித்துக்கொள்ளவும் தெரியாது.

இப்படியாக அந்த லிஃப்ட்காரர் வேலை நேரத்தில் பாதியைப் படிக்கட்டிலேயே கழித்தார். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "லிஃப்ட்காரரே படியேறிப் போறாரு, நம்ம கதி என்ன?" என்று ஆறாம் மாடிக்காரர்களும் மூச்சிரைக்க நடந்தார்கள். 'படிக்கட்டார்' என்று பெயரும் வைத்தார்கள். அடையாள அட்டையில் மட்டும்தான் அவருக்கு வேறு பெயர்.

ஒருமுறை நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு பாட்டு டீச்சர் மாட்டிக்கொண்டார். படிக்கட்டார் கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. அவர் கொஞ்சம் யோசிச்சுக்கிட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல்:

"ஐயோ, உள்ள நான் மட்டும்தானே இருக்கேன்! யாருய்யா அது யோசிக்கிறது?"

"திட்டாம நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. முடிவெடுத்துடுவாரு."

டீச்சர் இருபது நிமிடம் லிஃப்டைப் புகழ்ந்தாராம். கடைசி ஐந்து நிமிடம் ராகத்தோடு. லிஃப்ட் நகர்ந்தது. மோட்டாரின் சூடு தணிந்து ரிலே சுவிட்ச் தானாக ஒட்டிக்கொண்டது என்பது மகளின் விளக்கம். "அதைத்தானே நானும் சொல்றேன், சூடு தணிஞ்சுதுன்னு" என்பார் அப்பா.

அம்மாவுக்கு வேறு வழக்கு. "கல்யாணமான புதுசுல, 'கொஞ்சம் படிக்கட்டுக்கு வா, தனியாப் பேசணும்'னாரு. நானும் என்னமோ ஏதோன்னு தலையெல்லாம் சீவிக்கிட்டுப் போனேன். மிக்ஸில பிளேடு மழுங்கிப்போச்சாம்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் பேச்சை முடித்துவிட்டுத் திரும்பி ஏறும்போது அப்பா நான்காவது படியில் நின்றுவிட்டார். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"நெஞ்சு வலிக்குதாப்பா?"

"சேச்சே. நல்லாத்தான் இருக்காரு."

"யாரு?"

அப்பா சட்டைப்பையின்மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

மறுநாளே மகள் அவரை இருதய டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

"ஒரு குறையும் இல்லீங்க. இவரை மாதிரி உழைப்பாளியைப் பாக்க முடியாது. அறுபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் லீவு கிடையாது."

டாக்டர் மகளைப் பார்த்தார். "யாரைச் சொல்றாரு?"

"இருதயத்தைத்தான் டாக்டர். கொஞ்சம் படிக்கட்டுக்கு வர்றீங்களா?"

டாக்டர் வந்தார். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை நாளாக வலி? தெரியாது. எவ்வளவு நேரம் இருக்கிறது? தெரியாது. இடது கைக்குப் பரவுகிறதா? அதுவும் தெரியாது. அப்பாவையே அழைத்துவந்து கேட்கலாம்தான். ஆனால் அவர் எங்கே வந்தாலும் அந்த இயந்திரமும் கூடவே வந்துவிடும். முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாகப் படிக்கட்டு கைவிட்டது.

"ஈசிஜி சரியா இருக்கு. அதை மட்டும் வச்சு என்னால முடிவு பண்ண முடியாது" என்றார் டாக்டர். உள்ளே வந்து அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார். "நீங்க வாயைத் திறக்கவே வேணாம். எப்ப, எவ்வளவு நேரம், என்ன பண்ணும்போதுன்னு எழுதுங்க. வியாழக்கிழமை நேர்ல கொண்டாந்து குடுங்க."

அப்பாவின் முகம் தெளிந்தது. "எழுதலாம். எழுதினா அவருக்குக் கேக்காது."

"படிச்சுட்டா?" என்றாள் மகள்.

"கண்ணு என்கிட்டதானேம்மா இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை, "எழுதிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். "ஷ்ஷ்!" என்றார். புதன்கிழமை காலையிலும் அதே "ஷ்ஷ்!" அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து மகள் அவர் மேசை இழுப்பறையைத் திறந்தாள். டாக்டர் கொடுத்த தாள் நான்காக மடித்து ஓர் உறைக்குள் இருந்தது. ஒட்டியிருந்த உறையைக் கத்தரியால் வெட்டினாள். லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் போடுவதுபோல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். தேதி, நேரம், சுமை, அறிகுறி. மொத்தம் இருபத்தாறு பதிவுகள். முதல் பதிவுக்கு ஒன்பது மாத வயது.

'மூன்றாம் மாடி ஏறும்போது. இறுக்கம். நான்கு நிமிடம். நின்றால் விடுகிறது.' 'தண்ணீர்க் கேன், இருபது கிலோ. இடது தோள்வரை வலி.' 'சுமை ஏதுமில்லை. உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நிமிடம். விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.'

பொறியாளர் பார்த்த அறிக்கைகளில் இவ்வளவு துல்லியமானது குறைவு. எந்த டாக்டரும் இதைப் படித்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்.

உறையின்மேல் டாக்டரின் அறை எண். அதன் கீழே, அடிக்கோடிட்டு: 'வியாழன், காலை பத்து மணி. நேரில் கொடுக்க.'