ஸ்டியரிங்குக்குள் எறும்புகள்

செஞ்சியில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் இயந்திர மேற்பார்வைக்கு நான் சேர்ந்த புதிதில், பெண்ணொருத்தி ஸ்பானரைக் கையிலெடுத்தால் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அந்தப் புகழை ஒரு மழைக்காலத்தில் ஒரு படகு என்னிடமிருந்து பறித்துக்கொண்டது.

எங்கள் முதலாளி உள்ளூர்ச் சமணக் குடும்பத்தவர். எண்ணெய் டின்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோன லாரியில், தன் நாட்டுக்கே திரும்பும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பாய்மரப் படகை ஏற்றி வந்துவிட்டார். வாங்கியது அவர்; வாங்கச் சொன்னது முதலாளியம்மா. எப்போதோ கடற்கரையில் பாய் விரித்துப் போன படகைப் பார்த்ததிலிருந்து, அப்படி ஒன்றில் உட்கார்ந்து தன் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கடல் இல்லாவிட்டால் என்ன, பனமலை ஏரி நிரம்பியிருந்தது.

படகு நன்றாகவே மிதந்தது. பாயும் காற்றைப் பிடித்தது. ஸ்டியரிங் சக்கரம் மட்டும் அசையவில்லை. கடல் உப்பில் அச்சு இறுகிப்போய், படகைத் திருப்பும் சுக்கான் இடப்பக்கம் திரும்பியபடி நின்றுவிட்டது. ஆகவே படகு ஏரிக்குள் இடமாகவே வட்டமடித்தது. மேல்சித்தாமூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த முதலாளியின் தங்கை கரையில் நின்று கத்தினார்.

"அண்ணி! எண்ணெ மில்லுக்காரங்க வூட்டுக் கப்பலும் செக்கு மாதிரியே சுத்துதே!"

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கெழம வா. நேரா அக்கரைக்குக் கூட்டினு போறேன். போவலன்னா, உங்க அண்ணன் இஷ்டப்படியே இத அறுத்துக் கதவு பண்ணிக்கட்டும்" என்றார். தேக்குப் படகு. முதலாளியின் கண் வாங்கிய நாளிலிருந்தே அந்தப் பலகைகள் மேல்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுக்குள் நான் கருவிப் பையைத் திறந்து உட்கார்ந்தேன். அச்சைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் சக்கரம் வெளியே வர வேண்டும். அதற்கான வரிசை என் மனத்தில் தெளிவாக இருந்தது: சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் மரையைத் தளர்த்து, ஆனால் முழுதாகக் கழற்றாதே, கழற்றினால் சக்கரம் திடீரென்று விடுபட்டுத் தாடையைப் பெயர்க்கும். பிறகு மண்ணெண்ணெய் விட்டு ஊறவை. அதற்கும் மசியாவிட்டால் புளோ லாம்ப்பின் தீயால் சூடு காட்டு.

"இன்னாம்மா, கப்பல் படிப்பும் படிச்சியா?" என்றார் தங்கை.

"இல்லீங்க. மரை எங்க இருந்தாலும் மரைதாங்க."

மரை தளர்ந்தது. சக்கரம் அசையவில்லை. மண்ணெண்ணெய் டின்னைச் சாய்க்கப்போனேன். அச்சைத் தாங்கும் மரப்பெட்டியின் விரிசலிலிருந்து சின்னக் கறுப்பெறும்புகள் வரத் தொடங்கின. மழைக்கு அந்தப் பெட்டியைக் குடியிருப்பாக்கிக்கொண்டவை. ஸ்பானரின் ஆட்டத்தில் கலைந்திருக்க வேண்டும்.

"நிறுத்து, நிறுத்து! முட்டைய வாயில கவ்வினு வருதுங்க பாரு" என்று முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் எறும்பை மிதித்துவிட்டால்கூட வருந்துவார்கள். மண்ணெண்ணெயும் போயிற்று, நெருப்பும் போயிற்று. சக்கரத்தின் ஆரங்கள் மரம் என்பதால் மில்லில் உருளைகளைக் கழற்றும் புல்லரை மாட்டினால் முறிந்துவிடும். என் வரிசையில் மிச்சம் எதுவும் இல்லை. முதலாளி படகின் நீளத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தார். தங்கைக்கோ தர்மசங்கடம்: அண்ணியைக் கிண்டல் செய்யலாம், 'கொளுத்துங்கள்' என்று சொல்ல அவருக்கும் வாய் வராது.

அதிர்ந்துதானே வெளியே வந்தன, இன்னும் கொஞ்சம் அதிர்ந்தால் எல்லாமே கிளம்பிவிடும் என்று எனக்குத் தோன்றியது. துடுப்பைக் கரைக்குப் பாலமாகச் சாய்த்தோம். அதன் மறுமுனையில் தங்கை வெல்லத்தைப் பொடித்து வைத்தார். நான் மரச்சுத்தியால் அச்சின் ஓரத்தில் தட்டினேன்.

"அதட்டாத. விருந்தாளி கதவு தட்ற மாதிரி தட்டு" என்றார் முதலாளியம்மா.

அப்படியே தட்டினேன். கை ஓய்ந்தபோது தங்கை சுத்தியை வாங்கிக்கொண்டார். சக்கரம் ஆடி எறும்புகளை நசுக்கிவிடாமல் முதலாளியம்மா அதைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எறும்புகள் முட்டைகளோடு துடுப்பில் வரிசையாக இறங்கின. வெயில் நகர்ந்தது, நாங்கள் தட்டிக்கொண்டே இருந்தோம். கடைசியாக நின்று யோசித்த ஓர் எறும்பைத் தங்கை இலையில் ஏந்திக் கரையில் விட்டார். திரும்பி வந்து, வேலை முடிந்த உற்சாகத்தில் இன்னொரு தட்டுத் தட்டினார்.

டக்.

"ஐயோ, ஒடச்சிட்டனா?" என்றார் முதலாளியம்மா. சக்கரம் அவர் பக்கம் நகர்ந்து வந்து, நான் விட்டுவைத்த மரையில் முட்டி நின்றது.

"இல்லீங்கம்மா, கழட்டிட்டீங்க."

எறும்புகளுக்காகத் தட்டிய தட்டில் உப்பும் உதிர்ந்திருந்தது. அச்சைச் சுரண்டி, எங்கள் மில் எண்ணெயையே விட்டுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினேன். வலமும் இடமும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆனால் பொழுது சாயும் நேரம். இருட்டினால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.

"இப்ப கப்பல்னா ராத்திரி பட்டினி. சாப்பாடுன்னா கப்பல் இல்ல" என்றார் தங்கை.

"சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துனு ஏறு" என்றார் முதலாளியம்மா.

படகை ஏரிக்குள் தள்ளி ஏறினோம். முதலாளி முழம் போடுவதை விட்டுவிட்டுப் பாய்க்கயிற்றைப் பிடித்தார். படகு நேராகப் போனது. முதலாளியம்மா வலப்பக்கம் திருப்பினார், அது வலப்பக்கம் திரும்பியது. அக்கரை நெருங்கும் வரை அவர் நாத்தனாரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில், நாங்கள் ஏரி நடுவிலேயே, சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கும்முன், எலுமிச்சம் சாதத்தை வேக வேகமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

கை கழுவியதும் தங்கை மெல்ல நகர்ந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி..."

"இன்னா?"

"அன்னிக்கி சுத்துச்சே, அது மாதிரி ஒரு சுத்து சுத்தேன். அன்னிக்கி நான் கரையிலதான நின்னினு இருந்தேன்?"

முதலாளியம்மா சக்கரத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார்.