பம்பரில் இருந்த கைகள்

இந்தச் சம்பவம் நிகழ்வதற்கு முன் எங்கள் குடும்பம் எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. என் தந்தையார் மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு அடுத்தபடியாக அங்கே சொந்தக் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. நான் ஹட்டனில் கல்லூரியில் படித்துவந்தேன். வகுப்பில் இரண்டாம் இடம் என்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் என்னைச் ‘சின்னையா’ என்று அழைத்தார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை. எங்கள் வீட்டைப் பற்றி எவரும் குரலைத் தாழ்த்திப் பேசவேண்டிய அவசியம் அதுவரை ஏற்பட்டதே இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம், அண்மையில் ஹட்டனில் என் காரைக் கழுவக் கொடுத்த இடத்தில் ஓர் இளைஞன் சொன்ன கதை. வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் ஏதோ ஒரு திரவத்தைப் பஞ்சால் தேய்த்துக்கொண்டே அவன் சொன்னான்: “ஐயா, முந்தி மஸ்கெலியா பக்கம் ஒரு கிளாக்கர் கார் இருந்துச்சாம்ங்க. ஒரு பொண்ண மோதிட்டாராம். செத்தவ கை ரெண்டும் பம்பர்லயே ஒட்டிக்கிச்சாம். எத்தன தடவ கழுவுனாலும் போகலயாம்ங்க.”

அந்தக் கிளாக்கரின் மகன் நான் என்பது அவனுக்குத் தெரியாது. நான் இன்று ஒரு கல்லூரியின் அதிபர். கார் கழுவும் இடத்தில் நின்று விளக்கம் சொல்வது அழகல்ல என்பதால் பேசாமல் வந்துவிட்டேன். எனினும் நடந்தது எதுவென்று ஒருவராவது எழுதிவைக்க வேண்டும்.

அது வெள்ளை நிற ஜப்பான் கார். பம்பர்களும் கதவோரப் பட்டிகளும் பெயின்ட் பூசாத கறுப்பு பிளாஸ்டிக். பல கைகள் மாறி எங்களிடம் வருவதற்குள் அந்தக் கறுப்பெல்லாம் வெயிலில் வெளுத்து, அடுப்புச் சாம்பல் பூசியதைப் போல் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் புதிது போலக் கறுத்துவிடும். காய்ந்தால் மறுபடி வெளுக்கும். ஆகவே மழையிலும் மூடுபனியிலும் எங்கள் கார் துரையின் காருக்கு நிகராக நின்றது. விருந்தினர் வரும் அரவம் கேட்டால், அம்மா ஒரு வாளித் தண்ணீரைப் பம்பர் மீது ஊற்றிவிட்டுத்தான் அவர்களை வரவேற்கப் போவார். எங்கள் கௌரவத்தில் ஒரு பகுதி அந்த வாளியில் இருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அக்காவுக்கு இருபது. அவருக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தவரின் வரன் வந்திருந்தது. அக்கா முதலில் கெஞ்சினார், பிறகு அழுதார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். வீட்டில் நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பள்ளி விடுமுறைக் காலத்து வெள்ளிக்கிழமை அது. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. சம்மதம் சொல்லிவர அப்பா காலையிலேயே காரில் கிளம்பினார். சற்று நேரத்தில், கீழே பாதை வளையும் தண்ணீர் டேங்க் முடக்கின் பக்கமிருந்து ஹோன் சத்தம் கேட்டது. நிறுத்தாமல் நீண்ட நேரம் கேட்டது. பிறகு அடியோடு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமும் இல்லை. பனிக்குள் அந்த நிசப்தத்தை நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிவதாகவே இல்லை.

அப்பா திரும்பி வந்தார். “பாதையே தெரியல. இன்னைக்குப் போகல” என்று மட்டும் சொன்னார். அன்று அக்காவின் எண்ணெய்க் குளியல் வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் நீடித்தது. வெந்நீர் ஆறிப்போயிற்று என்று அம்மா கதவைத் தட்டியது நினைவிருக்கிறது.

மறுநாள் வெயில் அடித்தது. கொட்டகைக்கு வெளியே நின்ற கார் காய்ந்து வெளுக்கத் தொடங்கியபோதுதான் அதைப் பார்த்தேன். முன்பக்கப் பம்பரில், இலக்கத் தகட்டின் இருபுறமும், இரண்டு கைகள். அழுக்கல்ல, பெயின்டுமல்ல. சுற்றிலும் சாம்பல் நிறமாயிருக்க, அந்த இரண்டு கைகளின் வடிவம் மட்டும் புத்தம்புதிய கறுப்பாக இருந்தது. விரல்கள் விரிந்து மேல்நோக்கி இருந்தன. உள்ளங்கைகள் அழுந்தப் பதிந்திருந்தன.

“யாருடா இதுல கை வச்சது?” என்று அம்மா கேட்டார். நான் என் கையை அதன்மேல் வைத்துக் காட்டினேன். அதன் விரல்கள் என் விரல்களைத் தாண்டி நீண்டிருந்தன. அம்மா சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார்.

சவர்க்காரமும் தும்பு பிரஷும் கொண்டு நானே தேய்த்துக் கழுவினேன். பம்பர் முழுவதும் கறுத்தது, கைகள் மறைந்தன. வெற்றி என்றே நினைத்தேன். பிறகு ஈரம் காயத் தொடங்கியது. முதலில் விரல் நுனிகள் தெரிந்தன, பிறகு விரல்கள், பிறகு, யாரோ உள்ளிருந்து மெல்ல மெல்ல அழுத்துவது போல, உள்ளங்கைகள். மூன்று முறை கழுவினேன். மூன்று முறையும் அவை அதே இடத்துக்கு வந்தன.

கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்கள் வேலியை ஒட்டிய பாதையில்தான் மலைக்குப் போவார்கள். அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

“நா என் கண்ணால பாத்தேன்டி. தண்ணி டேங்கு முடக்குல, தலமுடிய விரிச்சிப் போட்டுகிட்டு காருக்கு முன்னாடி ஒருத்தி நின்னா. ஐயா ஹோன அடிக்கிறாரு, அடிக்கிறாரு, நவுரல. பனி ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் ஆளக் காணோம்.”

“காணோம்னா?”

“காணோம்னா காணோம்தான். கீழ போயிட்டா.”

“காருக்குக் கீழயா, டேமுக்குக் கீழயா?”

“ஒனக்கு எல்லாம் வெளாட்டு. டேம் கட்டி பழைய டவுன் தண்ணிக்குள்ள போறப்ப வீட்ட விட்டு எறங்க மாட்டேன்னு ஒருத்தி நின்னாளாமே, அவதான்டி.”

“அவ எதுக்குக் கிளாக்கரய்யா கார மறிக்கிறா? அவளுக்கு பஸ் வரலயாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எங்கள் கேற்றைக் கடக்கும்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை. கூடையின் கயிற்றை நெற்றியில் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் காரின் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்குள் தரகர் வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரே பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு கைகள் முளைத்த காரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவர்களை எப்படி வரவேற்பது? அம்மா ஹட்டனில் மோட்டார் வேலை செய்துவந்த தம்பிக்குச் சொல்லியனுப்பினார். மாமா பம்பரின் முன் குந்தி, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்தார்.

“பேயுமில்ல பிசாசுமில்ல அக்கா. எண்ணெக் கை. காஞ்சு கெடக்கிற பிளாஸ்டிக்கு எண்ணெயக் கண்டா விடாது, குடிச்சிரும். குடிச்ச எடம் கறுத்துரும். அம்புட்டுத்தான்.”

“அப்ப கை யாரோடதுடா?”

“அத நானா குடிச்சேன்? பிளாஸ்டிக்கக் கேளுங்க.” பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தவர், “நின்னுகிட்டு வச்ச கையாத் தெரியல. இந்த ஒயரத்துக்கு ரோட்டுல ஒக்காந்துதான் வச்சிருக்கணும். என்ன மச்சான்?” என்றார்.

அப்பா, “வந்த வேலயப் பாரு” என்றார்.

மாமா வந்த வேலையைப் பார்த்தார். பம்பரையும் பட்டிகளையும் கழுவி, வெயிலில் ஒரு பொட்டு ஈரமில்லாமல் காயவிட்டார். ஈரமிருந்தால் எண்ணெய் சீராக இறங்காதாம். பின்னர் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி, பழைய வேட்டித் துணியில் தொட்டு, ஒரே திசையில் மெலிதாகத் தேய்த்தார். கதவோரப் பட்டிகள் என் பொறுப்பில் விடப்பட்டன. “மேல நிக்கிறத வழிச்சித் தொடச்சிரணும் மருமகனே. இல்லாட்டி ஊருத் தூசி பூரா இங்கதான் வந்து குடியிருக்கும்.” மாலையில் கார் முழுவதும் ஒரே கறுப்பாக மின்னியது. கைகள் இருந்த இடம் தெரியவில்லை. அப்பா காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்தபோது மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு கடந்தார்.

ஞாயிறு காலை பனி இறங்கி எங்களுக்குத் துணை நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காரைப் பாராட்டினார்கள், அக்காவைப் பார்த்தார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பாட்டின் நடுவில் பனி விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. தேங்காயெண்ணெய் நிலையான மருந்தல்ல என்பது இன்று எனக்குத் தெரியும். வறண்ட இடமெல்லாம் எண்ணெயை முழுவதுமாக உறிஞ்சி மீண்டும் மங்கிப்போக, ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்த இடம் மட்டும் அப்படியே நின்றது.

கை கழுவ வெளியே வந்த மாப்பிள்ளையின் தாயார் காரின் முன்னால் நின்றுவிட்டார். தண்ணீர் சொட்டும் கையைத் துடைக்கவும் மறந்துவிட்டார்.

“இது யாரு கைங்க?”

எனக்கு விடை தெரியும். எண்ணெய்க் கை என்று விஞ்ஞான முறையில் விளக்க நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். முனியென்றும் பேயென்றும் சொல்பவர்களை அதுவரை எள்ளி நகையாடியே வந்தவர், நிதானமாகச் சொன்னார்:

“தண்ணிக்குள்ள போன டவுன்ல ஒருத்தி இருக்கான்னு சொல்றாங்க. முடக்குல என் கார மறிச்சா. கூடவே வந்துட்டா போலருக்கு. கழுவினாலும் போகல. இப்ப இந்த வீட்டுலதான் இருக்கா.”

தேநீர்த் தட்டோடு அக்கா கதவருகே வந்திருந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

அந்தத் தேநீரை யாரும் குடிக்கவில்லை. “பொழுதோட கெளம்புனாத்தான் வீடு சேரலாம்” என்றார் மாப்பிள்ளையின் தாயார்; அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை. காரின் முன்பக்கமாகப் போகாமல், ஈரமாயிருந்த கீரைப் பாத்தி வழியாக அத்தனை பேரும் சுற்றிப் போனார்கள். தரகர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

மாமாவுக்குத்தான் ஆறவில்லை. “எண்ணெக் கைன்னு அன்னைக்கே சொன்னேனே மச்சான்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!”

“நீ சொன்னது சரிதான்” என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அடுத்த தைமாதம் அக்கா கலாசாலைக்குப் போனார். அப்பாவே அந்தக் காரில் கொண்டுபோய் விட்டார். கார் எங்களிடம் இருந்தவரை மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவது என் கடமையாயிற்று. பட்டிகளுக்குப் போடுவேன், பின்பம்பருக்கும் போடுவேன். “முன்னால தொடாத” என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். பனியில் அவை மறையும், வெயிலில் வரும். விளையாடும்போது பந்து காரின் முன்னால் உருண்டு போனால் நான் எடுக்கப் போகமாட்டேன்.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை தலைமுடியிலும் கையிலும் நல்லெண்ணெய் வழிய, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடி, காருக்கு முன்பே முடக்கை அடைந்திருக்கிறார். ஹோனுக்கு அவர் விலகவில்லை. கார் நிற்காமல் ஊர்ந்து வந்ததும், பாதையிலேயே உட்கார்ந்து, பம்பரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். எஞ்சின் நின்றது. அப்பா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். வெகுநேரம் கழித்து, “எந்திரிம்மா, குளிரும்” என்றாராம்.

ஊர் அறிந்த உண்மைவிளம்பி ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் பொய் சொன்னார் என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை. மகள் பாதையில் உட்கார்ந்தாள் என்று சொல்லக் கூசினார் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். பேய் குடியிருக்கும் வீட்டில் எவரும் பெண் எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்காகத் தம் பெயரையே அவர் ஊர் வாயில் போட்டிருக்கிறார்.

ஆகவே ஹட்டன் இளைஞன் சொன்னதில் திருத்தம் இவ்வளவுதான். அந்தக் கைகள் செத்தவளுடையவை அல்ல. பாடசாலை அதிபராக ஓய்வுபெற்று இன்றும் தம் காரைத் தாமே ஓட்டிச் செல்லும் என் அக்காவுடையவை. கார் அவர்மீது மோதவில்லை. அவர் அதை நிறுத்தினார்.