எட்டாம் நம்பர் இடது கால்

"சார், நான் மரியதாஸ் பேசறேன். காக்களூர்ல என்ன புடிச்சீங்களே, அந்த மரியதாஸ். நம்ம செண்பகம் மேடம் போய்ட்டாங்க சார்."

காலை நாஷ்டா தட்டோடு உட்கார்ந்திருந்தபோது வந்த செய்தி இது. சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குத் துறையிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. நான் தவறாகப் பிடித்த ஆள்தான் சொன்னார்.

தடய அறிவியல் பிரிவில் செண்பகவல்லி மேடத்தோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்கு அவர் பையைத் தெரியும். பிளாஸ்டர் மாவு, சல்லடை, புழுதி கலையாமலிருக்க ஒரு ஹேர் ஸ்பிரே. செருப்புத் தடமோ, டயர் தடமோ, கடப்பாரை நெம்பிய தடமோ, எதுவானாலும் அச்சு எடுத்துவிடுவார். திருவாலங்காட்டில் வயல் மோட்டார் திருடுபோன அன்று ஏட்டு ஒருவர் ஆர்வக்கோளாறில் மாவைத் தண்ணியாகக் கரைத்துவிட்டார். மேடம் எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது, ரசமா? எனக்கு தோசை மாவு வேணும்." அதைக் கேட்ட நிலத்துக்காரரின் மனைவி வீட்டுக்குப் போய்த் தூக்குச் சட்டி நிறைய தோசை மாவே கொண்டுவந்து கொடுத்தார். மேடம் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் டிபன் டப்பாவில் தோசை இருந்தது.

இனி என் கதை. காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. மதிலுக்குப் பின்னால் ஈர மண்ணில் அழகான ஒரு ஷூ தடம். அங்கே ஒப்பந்தக் கூலியாக இருந்த மரியதாஸின் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அதே வரிகள், அதே எட்டாம் நம்பர். ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டேன். ஒப்புக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டுமென்றுதான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவர் அச்சை வார்த்து, காயவைத்து, திருப்பினார். குதிகாலில் பிறை மாதிரி ஒரு வெட்டு. மரியதாஸின் ஷூவில் அது இல்லை. உடனே எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். "கால தூக்குங்க சார்." தூக்கினேன். மழைக்குப் பயந்து பூட்ஸை விட்டுவிட்டு, திருவள்ளூர் பஜாரில் வாங்கிய ஷூவில் வந்திருந்தேன். மரியதாஸ் வாங்கியதும் அதே கடையில்தான். என் இடது குதிகாலில் பிறை வெட்டு பளிச்சென்று இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்தபோது அந்த மதில் ஓரம் நான் ஒதுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள்?

"மேடம், யாரோ ஒரு போலீஸ்காரர்னு எழுதிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"யாரோன்னு ஒரு காலு கெடையாது சார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆளு இருக்கான்."

என் பெயர், பதவி, ஷூ நம்பர் எல்லாவற்றையும் எழுதினார். மரியதாஸை அன்றே விட்டுவிட்டோம். என் மானம் கப்பலேறியது. அடுத்த வாரம் உண்மைத் திருடன் சோழவரத்தில் சிக்கினான். கான்ஸ்டபிள்கள் பல மாதம் என் முகத்தை விட்டுவிட்டு என் ஷூவைப் பார்த்து சல்யூட் அடித்தார்கள். ஆனால் அச்சு எடுத்த அன்று மேடம் கிளம்பும்போது சொன்னது வேறு. "ரிப்போர்ட்ட நான் எழுதிட்டேன். மன்னிப்ப நீங்கதான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை. வழியில் மரியதாஸைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா கீறியாப்பா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவேன். மேடமும் போன் பண்ணும்போதெல்லாம் "கேட்டீங்களா?" என்பார். சிக்னல் சரியில்லை என்பேன்.

சாவு வீட்டில் மரியதாஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். நாங்கள் எப்படிப் பழக்கம் என்று மேடத்தின் கணவர் கேட்டார். "சார் என்ன புடிச்சாரு, மேடம் சார புடிச்சாங்க" என்றார் மரியதாஸ். அழுதுகொண்டிருந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. மரியதாஸை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். "அன்னிக்கு தப்பு எம்மேலப்பா. மன்னிச்சிடு."

"என்ன வுடுங்க சார். எம் பொண்ணு அன்னிக்கு பள்ளிக்கூடம் போவாம ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்துக்கினு இருந்தா. எங்கப்பன் திருடலன்னு போறவங்க வரவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருந்தா. அவளாண்ட சொல்லுங்க."

அந்தப் பெண் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. மேடம் எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான். போகிறேன்.